பீலித் தண்ணீரும் பிஸ்மத் பூச்சும்

பசறை, மடுல்சீமை, நமுனுகுல, ஹாலிஎல என்று இலங்கையின் ஊவா மலைகளில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களில் ஒரு நல்ல பழக்கம் வேரூன்றியிருக்கிறது. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். மஞ்சள் காமாலையும் வயிற்றோட்டமும் பரவும் போதெல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரியிலும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்திலும் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம் அது. அதை ஒருநாளும் கைவிடக் கூடாது. ஆனால் நெருப்பு கொல்வது உயிருள்ள கிருமியை மட்டும்தான். தண்ணீரில் ஈயமோ கட்மியமோ ஆர்செனிக்கோ கரைந்திருந்தால் கொதிக்க வைத்து ஒரு பயனும் இல்லை. ஆவியாகிப் போவது தண்ணீர். உலோகம் பானையிலேயே நிற்கும். கொதிக்கக் கொதிக்க அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

கண்ணால் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. சேறு கலங்கிய தண்ணீரைக் கண்டால் ஒதுக்கிவிடுகிறோம். உலோகம் கரைந்த தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். மணம் இல்லை, ருசியும் மாறாது. இலங்கையின் குடிநீர்த் தரம், அதாவது எஸ்.எல்.எஸ். 614, ஒரு லீற்றர் தண்ணீரில் ஈயம் 10 மைக்ரோகிராமுக்கு மேலும், ஆர்செனிக் 10 மைக்ரோகிராமுக்கு மேலும், கட்மியம் 3 மைக்ரோகிராமுக்கு மேலும் இருக்கக் கூடாது என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகளும் இவையே. ஒரே ஒரு கிராம் ஈயம் ஒரு லட்சம் லீற்றர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். கட்மியமானால் மூன்று லட்சம் லீற்றருக்கு மேல். இவ்வளவு நுண்ணிய அளவைச் சொல்லக்கூடியது கருவி மட்டுமே. அந்தக் கருவி கொழும்பிலோ பேராதனையிலோ உள்ள ஆய்வுகூடத்தில் மட்டும் இருந்தால் போதாது, லயத்து மக்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கே வர வேண்டும் என்பதற்கு என்னிடம் வலுவான காரணங்கள் இருக்கின்றன. வருவதற்கான அறிவியலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

முதலில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தண்ணீரில் உலோகம் எந்த வழியாகச் சேர முடியும் என்று பார்ப்போம். 1946ஆம் ஆண்டு கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்து சேர்ந்தது. இளங்கொழுந்தில் கொப்புளம் எழுப்பும் பூஞ்சை அது. அதற்கு எதிராகச் செம்பு சேர்ந்த மருந்துகளைத் தெளிக்கத் தொடங்கினார்கள். பிறகு வேறு மருந்துகள் வந்தாலும் செம்பு மருந்து முழுதாக ஓய்ந்துவிடவில்லை. தேயிலைக்குத் துத்தநாகக் குறை வராமலிருக்கத் துத்தநாக சல்பேற்றை இலை மீது தெளிப்பதும் நம் தோட்டங்களில் வழக்கம். ஆக, மருந்து அடிக்கிற மலைகளில் செம்பும் துத்தநாகமும் பல தசாப்தங்களாக மண்ணில் விழுந்துகொண்டிருக்கின்றன. இவை இரண்டும் ஈயத்தைப் போன்ற கொடிய நஞ்சுகள் அல்ல. சிறு அளவில் உடம்புக்கு வேண்டியவையும்கூட. ஆனாலும் இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் உலோகத்தைத் தேடும் உணரி வேலை செய்யும்போது இந்த இரண்டும்தான் பெரிய தொல்லை தரப்போகின்றன.

கட்மியம் வரக்கூடிய வழி உரம். பொஸ்பேற்றுப் பாறையில் கட்மியம் இயற்கையிலேயே கலந்திருக்கிறது; எந்த நாட்டுப் பாறை என்பதைப் பொறுத்து அதன் அளவு மாறும். வெலிமடை, ஊவா பரணகம பக்கத்து உருளைக்கிழங்கு, மரக்கறித் தோட்டங்களில் பயிருக்குத் தேவையானதை விடக் கூடுதலாகப் பொஸ்பேற்று இடப்பட்டு மண்ணில் தேங்கிக் கிடப்பதை மண்ணியலாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஈயத்துக்கு வழிகள் வேறு: பழைய பற்றவைப்பு, பித்தளைக் குழாய்வாய், பழைய பெயின்ற். மின்சாரம் வராத காலத்தில் லயங்களில் தொலைக்காட்சி பார்க்கப் பயன்பட்ட கார் பற்றரிகளும் உண்டு. அவை உடைந்து கான் ஓரத்தில் எறியப்பட்டிருந்தால், அந்த இடத்தின் மண் இன்றும் ஈயத்தைத் தாங்கியிருக்கும்.

இதோடு மண்ணின் குணமும் சேர்கிறது. தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி. அதற்கு ஏற்ற கார அமிலச் சுட்டி 4.5க்கும் 5.5க்கும் இடையில். நைதரசன் உரம் போடப் போட மண் மேலும் புளிக்கும். மண்துகளோடு ஒட்டிக்கிடக்கும் உலோகம் அமிலம் கூடும்போது பிடி தளர்ந்து தண்ணீரோடு கிளம்பும். இதை வைத்துத் தோட்டத்துத் தண்ணீரெல்லாம் நஞ்சு என்று முடிவு கட்டுவது பெரும் தவறு. காடு சூழ்ந்த உச்சி ஊற்றிலிருந்து குழாய் இழுத்த லயத்துத் தண்ணீரும், மருந்து அடித்த மலைக்குக் கீழே ஊறும் பீலியும் ஒன்றல்ல. எது எப்படி என்று அளந்தால்தான் தெரியும்.

அளக்காமல் காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஊவாவுக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. பதுளை மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில், மகியங்கனைக்கு அப்பால், மகாவலிக் குடியேற்றத்தில் கிராந்துருகோட்டை இருக்கிறது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளின் சிறுநீரகங்கள் மெல்ல மெல்லச் செயலிழக்கும், காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயின் முக்கியமான களங்களில் அதுவும் ஒன்று. 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனிக்கப்பட்ட நோய் இது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மூன்று மாவட்டங்களில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2013இல் வெளியாயின. நோயாளிகளின் சிறுநீரில் கட்மியம் மற்றவர்களை விடக் கூடுதலாக இருந்தது. அவர்கள் குடித்த தண்ணீரிலோ கட்மியம் பெரும்பாலும் வரம்புக்குள்தான் இருந்தது. உணவு வழியாக வந்திருக்கலாம் என்று தாமரைக்கிழங்கையும் புகையிலையையும் சோதித்தார்கள். அதற்கடுத்த ஆண்டு, கடின நீரும் ஆர்செனிக்கும் கிளைபோசேற் களைகொல்லியும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்குகின்றன என்ற கருதுகோள் வந்தது. 2015இல் கிளைபோசேற் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டது. புளோரைட்டு, தண்ணீரின் கடினத்தன்மை, வெயிலில் உழைத்து உடம்பு வற்றுவது என்று விசாரணை இன்றும் பல திசைகளில் போகிறது. ஒரு காரணம்தான் என்று அறுதியிடப்படவில்லை.

இந்த வழக்கில் என்னை மிகவும் வருத்துவது ஒன்றுதான். கட்மியம் சிறுநீரகத்துக்குள் புகுந்தால் அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஓடையில் வந்த கட்மியமோ ஒரு மழையோடு போய்விடும். நோய் வந்த பிறகு ஓடித் தண்ணீரை அள்ளிச் சோதித்தால் அது இன்றைய தண்ணீரைத்தான் காட்டும். இருபது வருடத்துக்கு முன்பு அந்தக் கிணற்றில் என்ன இருந்தது என்று சொல்ல ஒரு ஏடும் இல்லை. இருந்திருந்தால், கட்மியம் குற்றவாளி என்றோ குற்றமற்றது என்றோ இதற்குள் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம்.

தோட்டங்களுக்கு ஏடு வைக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நூறு வருடத்துக்கும் மேலாகத் தோட்ட அலுவலகங்கள் தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து மழை எவ்வளவு என்று குறித்து வருகின்றன. கொழுந்து நிறுத்துக் குறிக்கப்படுகிறது. ஸ்டோரில் வாட்டிய இலையின் ஈரம் குறிக்கப்படுகிறது. கச்சான் காற்று எப்போது தொடங்கியது, அந்தப் பருவத்துத் தேயிலை என்ன விலை போனது என்பதெல்லாம் பதிவாகிறது. அதே ஏட்டில் தண்ணீருக்கு ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஆய்வுகூடத்தை மட்டும் நம்பி அந்தப் பத்தியை நிரப்ப முடியாது. அங்குள்ள பிளாஸ்மா நிறைநிறமாலைமானிகள் மிக நுட்பமானவை. லீற்றருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே அளப்பவை. அவற்றின் சொல்லே இறுதிச் சொல். ஆனால் தண்ணீர் அங்கே போய்ச் சேருகிற பயணத்திலேயே உண்மை கசிந்துவிடக் கூடும். கொழும்பிலிருந்து 290 கிலோமீற்றருக்கு மேல் வளைந்து வளைந்து வரும் ரயில்பாதை பதுளையில் முடிகிறது. அந்தத் தூரத்துக்குச் சோடாப் போத்தலில் தண்ணீர் பிடித்து அனுப்பினால், வழியிலேயே உலோக அயன்கள் போத்தலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வுகூடம் நேர்மையாகக் குறைந்த எண்ணைத் தரும். அமிலத்தில் கழுவிய போத்தலில் பிடித்து, உடனே நைத்திரிக் அமிலம் விட்டு, கார அமிலச் சுட்டி 2க்குக் கீழே இறக்கி அனுப்ப வேண்டும். இதையெல்லாம் செய்து அனுப்பினாலும் கிடைப்பது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ எண்கள். ஓடையோ கச்சான் காலத்தில் நூலாக மெலிகிறது, ஐப்பசி கார்த்திகை மழையில் மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மருந்து அடித்த மறுநாள் பெய்த மழையில் என்ன வந்தது என்று வருடாந்தச் சோதனை சொல்லாது.

இங்கேதான் மின்வேதியியல் உணரி தேவைப்படுகிறது. சீனி வருத்தக்காரர் விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் வைக்கும் கீற்று எல்லோருக்கும் தெரிந்தது. அதுவும் மின்வேதியியல் உணரிதான். உலோகத்தைத் தேடும் கீற்றும் பார்வைக்கு அதைப் போலவே இருக்கும்: பிளாஸ்டிக் துண்டின் மேல் அச்சிட்ட மூன்று மின்வாய்கள். ஒன்றில் வேலை நடக்கிறது. ஒன்று அழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, பெரும்பாலும் வெள்ளியும் வெள்ளிக் குளோரைட்டும் சேர்ந்தது. மூன்றாவது மின்னோட்டச் சுற்றை முழுமையாக்கும் துணை மின்வாய். இவற்றைக் கட்டுப்படுத்தும் கருவிக்குப் பொட்டென்சியோஸ்டாட் என்று பெயர். அது வேலை செய்யும் மின்வாயின் அழுத்தத்தை நாம் சொன்ன இடத்தில் பிடித்து வைத்து, ஓடும் மின்னோட்டத்தை அளக்கும்.

தண்ணீரில் கரைந்த ஈயம் இரண்டு இலத்திரன்களை இழந்த அயனாகத் திரிகிறது. மின்வாயை எதிர் 1.2 வோல்ற் அளவில் வைத்தால், அதன் பக்கத்தில் வரும் ஈய அயன் இரண்டு இலத்திரனைப் பெற்று உலோக ஈயமாக மின்வாயில் படிந்துவிடும். அப்போது ஓடும் மின்னோட்டத்தை நேரடியாக அளந்தால் என்ன? அளக்கலாம், ஆனால் பயனில்லை. ஈயம் சட்ட வரம்பில், அதாவது லீற்றருக்கு 10 மைக்ரோகிராம் இருக்கும்போது, சில மில்லிமீற்றர் அகலமுள்ள மின்வாயில் அது தரும் மின்னோட்டம் ஒன்றிரண்டு நானோஆம்பியர்தான். அது சுற்றியுள்ள மின் இரைச்சலில் அமிழ்ந்துபோகும்.

மலையில் கொழுந்தெடுக்கும் பெண் ஒவ்வொரு கிள்ளலையும் தராசில் வைப்பதில்லை. கூடை நிறையும் வரை சேர்த்து, நிறுவைக்குப் போய் ஒரேயடியாக நிறுக்கிறாள். உணரியும் இப்படித்தான் செய்கிறது. இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க, ஈயமும் கட்மியமும் அணு அணுவாக மின்வாயில் சேர்கின்றன. பிறகு கலக்குவதை நிறுத்தி, அழுத்தத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து மேலே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஏறக்குறைய எதிர் 0.8 வோல்றில் கட்மியம் முழுவதும் இலத்திரன்களை உதறிவிட்டுத் திரும்பத் தண்ணீருக்குள் குதிக்கிறது. எதிர் 0.55 வோல்றை அண்மித்ததும் ஈயம் குதிக்கிறது. ஒவ்வொன்றும் குதிக்கும்போது மின்னோட்டத்தில் ஒரு சிகரம் எழும். சிகரம் எந்த அழுத்தத்தில் நிற்கிறது என்பது எந்த உலோகம் என்று சொல்லும். சிகரத்தின் உயரம் அது எவ்வளவு என்று சொல்லும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். பத்து மில்லிலீற்றர் தண்ணீரில் வரம்பளவு ஈயம் இருந்தால் மொத்தம் 100 நானோகிராம். அது முழுவதும் படிந்தால் பரடேயின் விதிப்படி ஏறக்குறைய 93 மைக்ரோகூலோம் மின்னேற்றம். ஆனால் சில நிமிடத்தில் படிவது இருநூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் அரை மைக்ரோகூலோம். அந்த அரை மைக்ரோகூலோம் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் வெளியே வருவதால் மின்னோட்டம் நாலைந்து மைக்ரோஆம்பியருக்கு எழுகிறது. நானோவில் கிடந்தது மைக்ரோவுக்கு வந்துவிட்டது, ஆயிரம் மடங்குக்கு மேல் பெருக்கம். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. சேர்த்து வைக்கும் பொறுமை மட்டும் போதுமாயிருந்தது. எனக்கு வேதியியலில் மிகவும் பிடித்த யுக்திகளில் இது ஒன்று.

இதன் மூலத்தைத் தேடினால் 1922இல் பிராக் நகரத்துக்குப் போக வேண்டும். யாரொஸ்லாவ் ஹெய்ரொவ்ஸ்கி சொட்டுச் சொட்டாக விழும் இரசத்தை மின்வாயாக வைத்துப் போலரோகிராபி என்ற முறையைக் கண்டுபிடித்தார். 1959இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இரசம் அந்த வேலைக்கு அற்புதமான உலோகம். ஒவ்வொரு சொட்டும் புத்தம்புதிய பரப்பு. ஈயமும் கட்மியமும் அதில் கரைந்து இரசக்கலவையாகச் சேர்ந்துகொள்ளும். பல தசாப்தங்கள் உலகத்து ஆய்வுகூடங்கள் இரசத்தைக் கொண்டே நஞ்சைத் தேடின. ஆனால் நஞ்சைத் தேடப்போகும் இடத்துக்கு இன்னொரு நஞ்சை எடுத்துப்போக முடியுமா? கொடைக்கானலில் வெப்பமானி ஆலையிலிருந்து வெளியான இரசம் என்ன செய்தது என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த ஆலை 2001இல் மூடப்பட்டது. இரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் இணைந்திருக்கிறது.

அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டில், ஜோசப் வாங்கும் அவருடைய குழுவினரும் இரசத்தின் இடத்தில் பிஸ்மத்தை வைக்கலாம் என்று காட்டிவிட்டார்கள். கரி மின்வாயின் மேல் மெல்லிய பிஸ்மத் பூச்சு, அவ்வளவுதான். வயிற்று மருந்துகளிலும் சேர்க்கிற அளவுக்கு நஞ்சு குறைந்த உலோகம் பிஸ்மத். ஈயத்தோடும் கட்மியத்தோடும் எளிதில் உருகிச் சேரும் குணம் அதற்கு உண்டு. இன்னொரு நன்மை, களத்தில் நிற்பவர்களுக்குப் பெரிய நன்மை: இரச மின்வாய் என்றால் தண்ணீரில் கரைந்த ஒட்சிசனை வெளியேற்ற நைதரசன் வாயுவைக் குமிழியிட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பிஸ்மத் அந்த ஒட்சிசனை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. வாயு உருளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நமுனுகுல மலை ஏற வேண்டியதில்லை.

ஆர்செனிக்குக்கும் இரசத்துக்கும் பிஸ்மத் உதவாது. அவற்றுக்குத் தங்கம் பூசிய மின்வாய் வேண்டும். செம்பையும் தங்கத்திலோ வெறும் கரியிலோதான் அளக்க வேண்டும், ஏனென்றால் செம்பு உதிரும் இடத்துக்கு வருமுன்பே பிஸ்மத் பூச்சே உதிர்ந்துவிடும்.

இனி உணரியின் உண்மையான சோதனைக்கு வருகிறேன். சுத்திகரித்த தண்ணீரில் ஈயத்தைக் கரைத்து அளந்து, அழகான நேர்கோடு வரைந்து வெளியான ஆய்வுக்கட்டுரைகள் உலகில் ஆயிரக்கணக்கில் உண்டு. மலைத் தண்ணீர் அப்படிச் சொன்னபடி கேட்காது.

மலையோடைத் தண்ணீரில் உப்பு குறைவு. மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. ஆகவே அசற்றேற்றுக் கரைசல் சேர்த்து, கார அமிலச் சுட்டியை 4.5 அளவில் நிறுத்த வேண்டும். அது எளிது. அடுத்தது, முன்பு நினைவில் வைக்கச் சொன்ன செம்பும் துத்தநாகமும். மின்வாயில் சேரும்போது இரண்டும் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்து புதிய உலோகச் சேர்மமாகிவிடும். அப்போது துத்தநாகச் சிகரம் குட்டையாகும். அது கொடுத்த பங்கு செம்பின் கணக்கில் போய்ச் சேரும். செம்பு அதிகமாக இருந்தால் பிஸ்மத்தோடு இடத்துக்குப் போட்டியிட்டு ஈயம், கட்மியம் ஆகியவற்றின் சிகரங்களையும் அமுக்கிவிடும். துத்தநாகத்தை மீட்கக் காலியம் அயன் சேர்ப்பதும், செம்பை ஒதுக்கப் பெரோசயனைட்டுச் சேர்ப்பதும் அறியப்பட்ட வழிகள். செம்பு மருந்து அடிக்கும் தோட்டத்தில் ஈயச் சிகரம் இல்லையென்றால், ஈயம் இல்லை என்று உடனே சொல்லிவிடக் கூடாது. முதலில் செம்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வேறு ஊருக்காகச் செய்த கருவியை வாங்கி வந்து பதுளையில் அப்படியே வைத்தால் இந்த இடத்தில் ஏமாறுவோம்.

மூன்றாவது தொல்லை, பீலிக்கரையின் வாழ்க்கையே. அங்கே குடிதண்ணீரும் பிடிக்கிறார்கள், குளிக்கிறார்கள், துணியும் துவைக்கிறார்கள். சவர்க்காரத்தின் மூலக்கூறுகள் மின்வாயில் படலமாகப் படிந்து அயன்களை அண்டவிடாது. உதிர்ந்த இலை மக்கிய சாறும் அதே வேலையைச் செய்யும். அந்தச் சாறு இன்னொன்றும் செய்கிறது: ஈயத்தையும் செம்பையும் இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். உணரி காண்பது தளர்வாகத் திரியும் அயன்களை மட்டும்தான். மனித இரைப்பையோ கடும் அமிலம். அங்கே போனதும் பிடித்து வைத்த ஈயமும் விடுபட்டுவிடும். ஆகவே குடிநீர் என்று வரும்போது, தண்ணீரை அமிலமாக்கி, முடிந்தால் புறஊதா ஒளியில் வைத்து அந்தச் சாற்றைச் சிதைத்து, மொத்த உலோகத்தையும் விடுவித்த பிறகே அளக்க வேண்டும். ஓடையின் மீனுக்கும் தவளைக்கும் எவ்வளவு கேடு என்று கேட்டால் தளர்ந்து திரியும் அளவே நல்ல விடை. ஆய்வுகூடத்தின் பெரிய கருவியால் அந்த வேறுபாட்டைத் தானாகக் காட்ட முடியாது, உணரியால் முடியும்.

படலம் படியும் தொல்லைக்கு ஒரு பழைய, நம்பகமான மருந்து உண்டு. தெரிந்த அளவு ஈயத்தை அதே தண்ணீரில் சேர்த்து மறுபடி அளப்பது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆய்வுகூடத்தில் சுத்தமான தண்ணீரில் லீற்றருக்கு 5 மைக்ரோகிராம் ஈயம் 2 மைக்ரோஆம்பியர் சிகரம் தந்தது என்று வைத்துக்கொள்வோம். பீலித் தண்ணீரிலும் 2 மைக்ரோஆம்பியர் வருகிறது. அப்படியானால் 5 மைக்ரோகிராம், வரம்பில் பாதிதான் என்று நிம்மதியடைவோம். இப்போது அதே தண்ணீரில் மேலும் 5 மைக்ரோகிராம் சேர்க்கிறோம். சிகரம் 4க்கு ஏற வேண்டும். ஏறவில்லை, 3இல் நின்றுவிட்டது. இந்தத் தண்ணீரில் 5 மைக்ரோகிராமுக்கு 1 மைக்ரோஆம்பியர்தான் கிடைக்கிறது என்றால், முதலில் வந்த 2 மைக்ரோஆம்பியருக்கு உரியது 10 மைக்ரோகிராம். வரம்பைத் தொட்டுவிட்டது. இந்த ஒரு படியைத் தாண்டிப் போகும் அவசரக்காரர் கையில் உணரி இருப்பதை விட இல்லாமலிருப்பதே மேல். ஏனென்றால் பொய்யான ‘பயமில்லை’ ஒரு குடும்பத்தை வருடக்கணக்கில் அதே தண்ணீரைக் குடிக்க வைக்கும்.

இதனால்தான் கீற்றை விட, அதைக் கையாளப் பழகிய கைகளையே நான் பெரிதாக நினைக்கிறேன். கருவிக்கு இன்று பெரும் செலவில்லை. 2011இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்த பார்பரா வளாகத்தினர் 80 டொலருக்குள் செய்துகொள்ளக்கூடிய ஒரு பொட்டென்சியோஸ்டாட்டின் வரைபடத்தை யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். தமிழ்நாட்டுக் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இத்துறைக்கென்றே இயங்குகிறது. பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பமும் கனிய வளத் தொழில்நுட்பமும் பட்டப்படிப்புகளாக உள்ளன. தோட்டத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். பசறையின் செம்பு கலந்த தண்ணீருக்கும், வெலிமடையின் உரம் ஊறிய தண்ணீருக்கும், கிராந்துருகோட்டையின் கடின நீருக்கும் தனித்தனியே அளவுக்கோடு வரைந்து, ஆய்வுகூடத்து எண்ணோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ஒரு பல்கலைக்கழகத்தின் கைக்கு அடங்கிய வேலை.

அளந்த எண் யார் கையில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் பிளின்ற் நகரில் 2014 ஏப்ரலில் குடிநீரின் மூலத்தை மாற்றினார்கள். மாற்றிய தண்ணீர் பழைய ஈயக் குழாய்களை அரித்தது. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். அடுத்த ஆண்டு, குடியிருப்பாளர்களே வீடு வீடாக நூற்றுக்கணக்கான மாதிரிகளைப் பிடித்து வேர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அந்த எண்கள் வந்த பிறகுதான் மறுப்பு ஆட்டம் காணத் தொடங்கியது. தண்ணீரைக் குடிப்பவரிடமே எண் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் நிர்வாகத்தின் கையில், சுகாதாரம் வேறொரு அலுவலகத்தின் கையில், நோய் மட்டும் லயத்து வீட்டில் என்று பிரிந்து கிடக்கிறது. மாதாமாதம் அளந்த எண் தோட்ட அலுவலக ஏட்டிலும், சுகாதார வைத்திய அதிகாரியின் மேசையிலும், பீலிக்கரைப் பலகையிலும் ஒரே நாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும்.

எங்கே தொடங்குவது என்றால், பிள்ளை மடுவத்துக் குழாயில். உடம்பு எடைக்குக் கணக்குப் பார்த்தால் பெரியவர்களை விடக் குழந்தைகள் அதிகம் தண்ணீர் குடிக்கிறார்கள். குடித்த ஈயத்திலும் பெரிய பங்கை அவர்களின் குடல் உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளரும் வயதில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை. காலையில் யாரும் குழாயைத் திறக்குமுன் முதல் தண்ணீரை ஒரு போத்தலில் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு இரண்டாவது போத்தல். முதலாவதில் ஈயம் கூடி இரண்டாவதில் குறைந்தால், இரவு முழுவதும் தேங்கிய தண்ணீருக்கு ஈயத்தைக் கொடுத்தது குழாய்வாயோ பற்றவைப்போ. அதை மாற்றினால் போதும். அதுவரை காலையில் சற்று நேரம் ஓடவிட்ட தண்ணீரைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கலாம். இரண்டு போத்தலிலும் ஈயம் ஒரே அளவில் கூடியிருந்தால் குற்றம் ஊற்றில் அல்லது மேலே உள்ள மண்ணில். அப்போது அமிலம் விட்ட மூன்றாவது போத்தல் உடனே ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். பதில் வரும்வரை அந்தக் குழாயை மூடி, பிள்ளை மடுவத்துக்கு வேறு ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும்.